சிப் கம்பெனியில் நம் பங்கு எங்கே?

2024 ஜூன் 18 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை மூடியபோது, ஏ.ஐ. சிப்புகளை வடிவமைக்கும் என்விடியா உலகிலேயே அதிக மதிப்புள்ள நிறுவனமாகியிருந்தது. அதன் சந்தை மதிப்பு 3.3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இந்திய நேரப்படி அது ஜூன் 19 பின்னிரவு. அதே ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் இறந்தோர் எண்ணிக்கை 65ஐத் தாண்டியது. அவர்களில் பலர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த தினக்கூலிகள்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கருணாபுரத்துக்கும் என்விடியாவுக்கும் நடுவில் ஓர் ஏணி இருக்கிறது, 500 ரூபாய் இருந்தால் ஏறிவிடலாம் என்று நம் பிள்ளைகளிடம் விற்கிறார்கள். ரீல்ஸிலும் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் அந்த ஏணிக்கு 'அடுத்த என்விடியா' என்று பெயர். எந்தக் கம்பெனி அது என்பது மட்டும் மாதத்துக்கு ஒருமுறை மாறும்.

வாங்குபவர்கள் யார்? 2020 மார்ச்சில் நாடு முழுவதும் இருந்த டீமேட் கணக்குகள் ஏறத்தாழ 4 கோடி. 2025இல் அது 20 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் மும்பை தலால் தெருக்காரர்கள் அல்ல. சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் தியாகதுருகத்திலும் படித்துவிட்டு, ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ சென்னையில் உணவு டெலிவரி ஊழியராகவோ இருக்கிற இளைஞர்களும் அதில் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் வங்கிக் கணக்கு. இப்போது முதல் பங்குதாரர்.

இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. தொலைக்காட்சியில் வரும் முதலீட்டு ஆலோசகர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 'உழைக்காமல் பணம் வேண்டுமாம்' என்று நம் ஊர்ப் பெரிய மனிதர்களும் சொல்கிறார்கள். உழைத்தால் சொத்து சேரும் என்றால் கல்வராயன் மலையில் குடிசையே இருந்திருக்கக் கூடாது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த மலையில் ஜாகிர் முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் தாங்கள் திருத்திய காட்டிலேயே ஜாகிர்தார்களுக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்தார்கள். சமவெளியிலும் கதை வேறல்ல. 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக மாறுகிற வழியைச் சாதி அடைத்து வைத்திருக்கிறது. அடைத்த வழியில் நிற்பவர்களிடம் ஒரு திறந்த கதவைக் காட்டினால் ஓடத்தான் செய்வார்கள். ஓடுபவர்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஆர்.ஆர்.பி. செமிகண்டக்டர் என்ற மும்பைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் நடுப்பகுதி வரையான 20 மாதங்களில் அதன் விலை 55,000 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. 10,000 ரூபாய் போட்டிருந்தால் 55 லட்சம். தொடர்ந்து 149 வர்த்தக நாட்கள் அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலையைத் தொட்டது. இந்த எண்களைத்தான் ரீல்ஸில் காட்டுகிறார்கள். காட்டாத எண்களும் உண்டு. ஆண்டறிக்கைப்படி அந்நிறுவனத்தின் முழுநேர ஊழியர்கள் 2 பேர். 2024 தொடக்கத்தில்தான் அது செமிகண்டக்டர் பக்கம் திரும்பியது. அதற்கு முன் வேறு தொழில். செமிகண்டக்டர் உற்பத்தியை இன்னும் தொடங்கவில்லை, அரசின் ஊக்கத் திட்டம் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, சமூக ஊடகங்களில் பேசப்படும் கிரிக்கெட் வீரருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று நிறுவனமே பங்குச் சந்தைக்கு எழுதிக் கொடுத்தது. கடைசியில் மும்பை பங்குச் சந்தை அந்தப் பங்கை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விற்கவும் வாங்கவும் முடியும் என்று கட்டுப்படுத்தியது.

யார் மீது தவறு என்று முடிவு செய்வது செபியின் வேலை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொழிற்சாலையே இல்லாத கம்பெனியின் பங்கு எப்படி இப்படி ஏறும்? இந்தியச் சந்தையில் என்விடியா போல ஏ.ஐ. சிப் செய்து விற்கிற கம்பெனி ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. ஆனால் 'ஏ.ஐ. சிப்பில் பணம் போட வேண்டும்' என்ற ஆசை கோடிக்கணக்கான செல்போன்களில் இருக்கிறது. சரக்கு இல்லை, வாங்க ஆள் இருக்கிறது. அப்போது பெயர்ப் பலகையில் 'செமிகண்டக்டர்' என்று இருந்தாலே போதும். இந்தப் பங்கில் பெரும்பகுதி ஒரு சிலர் கையிலேயே இருந்தது. வெளியே புழங்கியது மிகக் கொஞ்சம். கொஞ்சம் பேர் வாங்க வந்தாலே விலை துள்ளும்.

இதில் சிறு பங்குதாரருக்கு மட்டுமான ஒரு பொறி உண்டு. அப்பர் சர்க்யூட்டில் நிற்கிற பங்கை விற்க ஆள் இருக்காது; எனவே நினைத்தபோது வாங்க முடியாது. ஒருநாள் கிடைக்கும். ஏன் கிடைக்கிறது? உள்ளே இருப்பவர் வெளியேற முடிவு செய்துவிட்டார் என்பதால். அதற்குப் பிறகு லோயர் சர்க்யூட் தொடங்கினால் வாங்க ஆள் இருக்காது. எனவே விற்கவும் முடியாது. ஏறும்போது நமக்குக் கிடைப்பதில்லை, இறங்கும்போது நம்மிடமிருந்து போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1990களில் தேக்கு மரம். அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் கவிழ்ந்தது. பிறகு ஈமு கோழி. பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ் 2012இல் கவிழ்ந்தபோது, கொட்டகை போட்ட குடும்பங்களிடம் தீனி வாங்கவும் பணமில்லாமல் பறவைகள் மிஞ்சின. பிறகு தங்கம். மாதம் 30 விழுக்காடு வரை வட்டி என்ற ஆருத்ரா கோல்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கும் மேல் வாங்கியிருந்தது 2022இல் வெளியே வந்தது. அவை சட்டத்தை மீறியவை. இன்றைய பங்கு வர்த்தகம் சட்டத்துக்கு உட்பட்டது. இந்த வேறுபாடு முக்கியம். ஆனால் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு: நிலமும் மூலதனமும் இல்லாதவருக்கு ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு சொல்லை விற்கிறார்கள். தேக்கு, ஈமு, தங்கம், இப்போது சிப்.

சட்டப்படி நடக்கும் சூதாட்டம் எவ்வளவு பெரிது என்பதைச் செபியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய். 2024 நிதியாண்டில் இவர்களில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்குக் கீழே. நான்கில் மூன்று பேருக்கும் மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று எழுதிக் கொடுத்தவர்கள். 72 விழுக்காட்டினர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது நம் ஊர்க்காரர்கள். அதே ஆண்டில் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகம் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் எடுத்தார்கள். அந்த லாபத்தில் ஏறத்தாழ முழுவதும், அதாவது 96, 97 விழுக்காடு, கணினி நிரல்கள் தானாகச் செய்த வர்த்தகத்தில் வந்தது. நம் தம்பி செல்போனில் விரலை வைத்துக்கொண்டு கணினியை வெல்லப் பார்க்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பது கணினி.

இங்கே ஒரு நியாயமான எதிர்க் கேள்வி வரும். 'அவர்கள் மூன்று தலைமுறையாகப் பங்கு வாங்கினார்கள். இப்போது எங்கள் கைக்கு வந்ததும் ஒதுங்கி நில் என்கிறீர்களே, கோயிலுக்குள் வராதே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?' கேள்வி சரியானது. சந்தைக்குள் நுழைவது நம் உரிமை. அந்த உரிமைக்காக முதலில் அடி வாங்கியவர் அண்ணல் அம்பேத்கரே. 1917இல் பரோடா அரசுப் பணியில் தீண்டாமையால் அவமானப்பட்டுப் பம்பாய் திரும்பிய பிறகு, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். அவர் தீண்டத்தகாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

இன்று செயலிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். வாங்கும் பொத்தானுக்குத் தெரியாதுதான். ஆனால் விலையை முன்கூட்டியே அறிகிற இடம் இயக்குநர் குழு. இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர்களை ஆராய்ந்து 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்த கட்டுரை, அவர்களில் 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்று காட்டியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. கம்பெனிக்கு ஆர்டர் வருகிறதா, எப்போது விற்று வெளியேற வேண்டும் என்பது அந்த மேசையில் முதலில் தெரியும். நம் டெலிகிராம் குழுவுக்குக் கடைசியில் தெரியும். நுழைவு உரிமை கிடைத்துவிட்டது. தெரிந்துகொள்ளும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் கிடைக்கவில்லை. தோற்றால் தாங்குவதற்கு வீட்டு மனையும் அப்பாவின் ஓய்வூதியமும் இருப்பவனுக்கு 50,000 ரூபாய் ஒரு பாடம். இல்லாதவனுக்கு அது தங்கையின் கல்லூரிக் கட்டணம்.

ஆகவே 'வாங்காதே' என்பது என் வாதம் அல்ல. நாம் ஏற்கெனவே வாங்கிவிட்டோம், பங்குப் பத்திரத்தை மட்டும் யாரும் நமக்குத் தரவில்லை என்பதே என் வாதம்.

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு செமிகண்டக்டர் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்தின் சனந்தில் உள்ள மைக்ரான் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 275 கோடி டாலர். அதில் பாதியை ஒன்றிய அரசு தருகிறது, 20 விழுக்காட்டைக் குஜராத் அரசு தருகிறது. மைக்ரான் போடுவது 82.5 கோடி டாலர், அதாவது 30 விழுக்காடு. 91,000 கோடி ரூபாய் மதிப்பிலான டாடாவின் தோலேரா ஆலைக்கும் செலவில் பாதி ஒன்றிய அரசின் பணம். ஒரு ஆலைக்கு 70 விழுக்காடு பணம் போடுபவரை எந்த ஊரில் உரிமையாளர் இல்லை என்பார்கள்? இந்தியாவில்தான். இந்தப் பணத்துக்கு ஈடாக மக்களுக்கு ஒரு பங்குகூட இல்லை. இதற்குப் பெயர் ஊக்கத்தொகை. கருணாபுரத்தில் ஒரு விதவைக்கு மாத உதவி கொடுத்தால் அதற்குப் பெயர் இலவசம்.

அது யாருடைய பணம்? செல்போன் ரீசார்ஜுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டுகிற எல்லோருடைய பணமும்தான். கல்வராயன் மலை வெள்ளிமலையில் ரீசார்ஜ் செய்கிற பெண்ணும், அம்பானி வீட்டுப் பிள்ளையும் ஒரே விழுக்காடு கட்டுகிறார்கள். அவள் தோலேராவின் முதலீட்டாளர். அது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

'மானியத்துக்குப் பங்கு கேட்டால் கம்பெனி ஓடிவிடும்' என்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு, இன்டெல் நிறுவனத்துக்குத் தருவதாக இருந்த மானியம் உள்ளிட்ட 890 கோடி டாலருக்கு ஈடாக அதன் பங்குகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. செய்தவர் மார்க்சியவாதி அல்ல, டிரம்ப். இன்டெல் எங்கும் ஓடிவிடவில்லை.

அமெரிக்கா வரை போகவும் வேண்டாம், ஓசூருக்குப் போவோம். பங்குச் சந்தை பேசும் எந்த இளைஞனுக்கும் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா டைட்டன் பங்கு வாங்கிப் பணக்காரரான கதை தெரியும். டைட்டனின் மிகப் பெரிய பங்குதாரர் யார் என்று கேளுங்கள். டாடா என்பார்கள். இல்லை. 1984இல் டாடா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்தக் கடிகாரக் கம்பெனியைத் தொடங்கிய தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம்தான். இன்றும் டிட்கோவிடம் 27.88 விழுக்காடு இருக்கிறது. டாடா குழுமத்திடம் இருப்பதைவிட அதிகம். இன்றைய சந்தை விலையில் அது பல்லாயிரம் கோடி ரூபாய். ஜுன்ஜுன்வாலாவுக்கு முன்பே, அவரைவிட அதிகமாக, டைட்டனில் முதலீடு செய்தது தமிழ்நாட்டு மக்கள். யாருடைய ரீல்ஸிலும் இந்தக் கதை வராது. ஏனென்றால் இதில் விற்பதற்கு எதுவும் இல்லை.

இது கனவல்ல, நம் மாநிலத்தில் நடந்து முடிந்த செய்தி. அப்போது நிலமும் பணமும் கொடுத்த அரசு பங்கு கேட்டு வாங்கியது. இப்போது நிலமும் பணமும் கொடுக்கிற அரசுகள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகின்றன. கம்பெனி நஷ்டப்பட்டால் அரசுக்கும் நஷ்டம்தானே என்று கேட்கலாம். இப்போது மட்டும் என்ன? கம்பெனி மூழ்கினால் மானியம் போய்விடும். ஜெயித்தால் லாபம் வராது. மக்களுக்கு நஷ்டம் மட்டும் உண்டு என்கிற ஒப்பந்தத்தைவிட லாபமும் நஷ்டமும் உண்டு என்கிற ஒப்பந்தம் மேல். அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய அவைக்காக எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், அடிப்படைத் தொழில்கள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும், அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். நாம் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது.

நம் மாவட்டத்துக்கு என்ன வருகிறது? உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவானின் பௌ சென் குழுமத்தின் காலணி ஆலை. 2,302 கோடி ரூபாய், 20,000 வேலைகள் என்று 2023இல் ஒப்பந்தம் போடப்பட்டது. வேலை வரட்டும். செருப்புத் தைப்பதில் இழிவு எதுவும் இல்லை; இழிவு, அதைச் செய்பவனைத் தள்ளி நிறுத்துவதில்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தைவான் தன் மண்ணில் சிப் செய்கிறது, நமக்குச் செருப்பை அனுப்புகிறது. இந்தியாவுக்குள்ளும் அதே வரிசை. சிப்புக்குக் குஜராத், காலணிக்குக் கள்ளக்குறிச்சி. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கத்தை அறிவித்தபோது, பூங்காக்கள் சூலூருக்கும் பல்லடத்துக்கும் போயின. மலைக்குப் போவது கம்பெனியின் விளம்பரமும் பங்கின் விலையும்தான்.

எனவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: அரசு மானியம் பெறும் எந்தச் சிப் நிறுவனமும், பெற்ற மானியத்துக்கு ஈடான பங்கை அரசுக்குத் தர வேண்டும். டைட்டனில் டிட்கோ செய்ததுபோல. தமிழ்நாட்டின் செமிகண்டக்டர் இயக்கத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இரண்டு: அந்தப் பங்கிலிருந்து வரும் ஈவுத்தொகையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்க வேண்டும். அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிதி ஒதுக்கீட்டுக்கு இந்த அளவுகோலையே சொல்கிறது.

மூன்று: மக்கள் பணத்தில் கட்டப்படும் ஆலையில் இடஒதுக்கீடு. துப்புரவுக்கும் காவலுக்கும் மட்டுமல்ல, வடிவமைப்பு அறையிலும் இயக்குநர் குழுவிலும். தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் இல்லை என்றால், மானிய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனையோ நிபந்தனைகள் எழுதுகிறீர்கள், இதையும் எழுதுங்கள்.

இது நடக்கும் வரை என்ன செய்வது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: பங்கு வாங்குங்கள், பந்தயம் கட்டாதீர்கள். ஒரு சிப் கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டால், முதலில் அதன் ஆண்டறிக்கையைப் படியுங்கள். பங்குச் சந்தை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எத்தனை ஊழியர்கள், விற்பனை எவ்வளவு, ஆலை எங்கே, மூன்று ஆண்டுக்கு முன் இந்தக் கம்பெனியின் பெயர் என்ன என்று பாருங்கள். பங்குகளில் எவ்வளவு உரிமையாளர் கையில் இருக்கிறது, எவ்வளவு வெளியே புழங்குகிறது என்று பாருங்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள். எஃப் அண்ட் ஓ பக்கமே போகாதீர்கள். இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தோழர்களிடம் சொல்லுங்கள். ஒளித்து வைத்த கடன்தான் உயிரை வாங்கும்.

அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். செல்போனில் பங்கு விலை பார்க்கிற அதே நேரத்தில் ஐந்து நிமிடத்தை எடுத்து, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கேள்வி அனுப்புங்கள்: எங்கள் வரிப்பணத்தில் 70 விழுக்காடு போட்ட கம்பெனியில் எங்கள் பங்கு எங்கே? ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து பத்தாயிரம் பேர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.